‘கள்ளுண்ணாமை’யைக் கருணாபுரத்துப் பிள்ளைகளுக்கு நடத்துவது எப்படி?

கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நேரே ‘நீதிபோதனை’ என்று எழுதியிருக்கும். அந்தப் பாடவேளை உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாடம் முடிக்காத கணித ஆசிரியர் கேட்டுக்கொள்வார். அவர் கேட்காவிட்டால் அறிவியல் ஆசிரியர். யாருமே கேட்காத வாரத்தில்தான் நீதி போதிக்கப்படும். சமூக அறிவியல் நடத்தும் நானும் பல ஆண்டுகள் அதை மனமுவந்து கொடுத்துவந்தவள்தான்.

2024 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அதை யாருக்கும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்குக் கருணாபுரத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கோடை விடுமுறை முடிந்து ஜூன் 10ஆம் தேதி பள்ளி திறந்து இரண்டாவது வாரம்கூட முடியவில்லை. 18, 19ஆம் தேதிகளில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கொத்துக்கொத்தாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இறந்தவர்கள் 60 பேருக்கும் மேல். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். பெண்களும் இருந்தார்கள். நடந்ததை ஒட்டித் திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை நடத்தினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். யாரும் சொல்லி எடுத்த முடிவல்ல, நானே எடுத்தது.

மது அருந்துகிறவர்களை நஞ்சு அருந்துகிறவர்களோடு வள்ளுவர் சேர்த்துப் பேசும் இடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். கையைக்கூட உயர்த்தவில்லை.

“எங்கப்பா குடிச்சிட்டுதான் செத்தாரு டீச்சர். அப்போ அவரு கெட்டவரா?”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்குப் பதில் வரவில்லை. “உட்காருப்பா, அப்புறம் பேசலாம்” என்றேன். மணி அடித்தது. அந்த ‘அப்புறம்’ வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நான் படித்ததையும், வகுப்பில் செய்து பார்த்ததையும், செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அரசுப் பள்ளியில் சமயத்தைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ‘மதச்சார்பற்ற நாடு, நமக்கெதற்கு வம்பு’ என்று புத்தர் பாடத்தைக்கூடப் பிறந்த இடம், இறந்த இடம், முதல் சொற்பொழிவு ஆற்றிய இடம் என்று மூன்று ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சுருக்கிவிடுகிறோம். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பிற பள்ளிகளிலும், மாணவரின் சம்மதமோ, வயது வராதவரானால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமோ இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது. தடை போதனைக்குத்தான். சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று கோத்தாரி கல்விக்குழு (1964-66) பிரித்துக் காட்டியது. 2002 செப்டம்பரில் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிய கல்வியை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்றே தீர்ப்பளித்தது.

இந்த வேறுபாட்டை நான் எனக்குப் புரியும்படி ஒரே ஒரு தமிழ்ச் சொல்லில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது ‘என்று’. ‘முற்பிறவி வினையால் இப்பிறவியில் துன்பம் வருகிறது’ – இது போதனை. ‘முற்பிறவி வினையால் இப்பிறவியில் துன்பம் வருகிறது என்று பௌத்தர்கள் கருதினார்கள்’ – இது கல்வி. அந்த ஒரு சொல் இருந்தால் மாணவன் எழுந்து “ஏன் அப்படிக் கருதினாங்க?” என்று கேட்கலாம். இல்லாவிட்டால் அவன் தலையாட்ட வேண்டும், அல்லது தலைகுனிய வேண்டும்.

2024 ஆகஸ்டு இறுதியில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் பேச வந்த சொற்பொழிவாளர் இந்த ‘என்று’ இல்லாமல்தான் பேசினார். உடற்குறையோடும் ஏழ்மையிலும் பிறப்பது முற்பிறவியில் செய்ததன் விளைவு என்று பிள்ளைகள் முன்னால் சொன்னார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து அதைத் தட்டிக் கேட்டார். அந்தக் காணொளியை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. நான் அதைப் பார்த்தபோது அந்த ஆசிரியரை நினைத்துப் பெருமைப்பட்டேன். அடுத்த நிமிடமே என் மூன்றாவது வரிசை மாணவன் ஞாபகத்துக்கு வந்தான். அந்தச் சொற்பொழிவாளர் முற்பிறவியைச் சொன்னார், நான் வள்ளுவரைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதானே?

திருக்குறளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ‘கள்ளுண்ணாமை’ அறத்துப்பாலில் இல்லை. புலால் மறுத்தல், கள்ளாமை, வாய்மை எல்லாம் அறத்துப்பாலில் இருக்கின்றன. ‘கள்ளுண்ணாமை’ 93ஆவது அதிகாரமாகப் பொருட்பாலில் வருகிறது. அதற்கு அடுத்தது ‘சூது’. அதற்கும் அடுத்தது ‘மருந்து’. நோய் என்ன, அது எதனால் வந்தது, எப்படித் தணியும் என்று பார்க்கச் சொல்லும் அதிகாரம் அது. குடியைப் பாவப் பட்டியலில் சேர்க்காமல், மனிதனின் பொருளையும் மதிப்பையும் அழிக்கும் பழக்கங்களின் வரிசையில், மருந்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இதை நான் பெரிய ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. அதிகார வைப்புக்கு வேறு காரணங்களைத் தமிழாசிரியர்கள் சொல்லக்கூடும். ஆனால் வகுப்பறையில் இது ஒரு கதவைத் திறந்தது.

இன்னொன்று, அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் கட்டளையாக முடியவில்லை, கேள்வியாக முடிகிறது. குடிக்கிறவன் தான் குடிக்காமல் தெளிவாக இருக்கும் நேரத்தில், குடித்துத் தள்ளாடும் இன்னொருவனைப் பார்த்தால் தன் நிலையை நினைத்துப் பார்க்க மாட்டானா என்று வள்ளுவர் கேட்கிறார். அதே அதிகாரத்தில் கடுமையாகப் பேசியவர்தான். இருந்தும் முடிக்கும்போது முடிவை அவனிடமே விட்டுவிடுகிறார். நான் நடத்திய விதத்தில் அந்தக் குறளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது!

செப்டம்பரில் மறுபடி அந்தப் பாடவேளையை எடுத்தேன். குறளோடு போகவில்லை, மணிமேகலையிலிருந்து ஒரு கதையோடு போனேன். ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யில் வரும் சாதுவன் கதை. காப்பியத்தை முழுதாகப் படித்திராத ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவன். மனைவி ஆதிரையை விட்டுவிட்டுக் கணிகை ஒருத்தியின் வீட்டில் கிடந்து, சூதாடிக் கைப்பொருளை எல்லாம் தொலைத்தான். பொருள் தீர்ந்ததும் அந்த வீட்டுக் கதவும் சாத்தப்பட்டது. பிழைப்புக்காக வணிகர்களோடு கப்பல் ஏறினான். கப்பல் உடைந்தது. ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நாகர்கள் வாழும் மலையில் கரையேறினான். அவர்கள் மனிதரைக் கொன்று தின்பவர்கள் என்கிறது காப்பியம். சாதுவனுக்கு அவர்கள் மொழி தெரியும். அதனால் பிழைத்தான். தலைவனிடம் அழைத்துப் போனார்கள். விருந்தாளிக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுங்கள் என்று தலைவன் சொல்ல, சாதுவன் மறுத்துவிட்டான். தலைவனுக்குக் கோபம். இவையெல்லாம் இல்லாமல் மனிதனுக்கு வாழ்க்கையில் என்ன பயன் இருக்கிறது, இருந்தால் காட்டு என்று கேட்டான். நல்வினை, தீவினை, மறுபிறப்பு என்று சாதுவன் விளக்கத் தொடங்கினான். தலைவன் சிரித்தான். உடம்பை விட்டுப் போகும் உயிர் இன்னொரு இடத்தில் எப்படிப் போய்ச் சேரும், அதைச் சொல் என்றான். உயிர் உள்ள உடம்பு வலியை உணர்கிறது, உயிர் போன உடம்பை வெட்டினாலும் சுட்டாலும் உணர்வதில்லை, அப்படியானால் அதிலிருந்து ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும் அல்லவா என்று சாதுவன் வாதிட்டான்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, “சாதுவன் சொன்னது சரியான பதிலா?” என்று கேட்டேன். ஒரு மாணவி, “டார்ச் லைட்ல பேட்டரி தீர்ந்தா வெளிச்சம் நின்னுடும். வெளிச்சம் வேற எங்கேயும் போகலையே டீச்சர்” என்றாள். இன்னொருவன், “கரண்டு போனா வேற வீட்டுக்குப் போகுதே” என்றான். பதினைந்து நிமிடம் வகுப்பு அதிலேயே ஓடியது. இந்தியத் தத்துவத்தில் உயிர் உண்டா, உடம்போடு முடிகிறதா என்று உலகாயதர்களும் மற்றவர்களும் வாதாடியது ஏறக்குறைய இதே எல்லையில்தான் என்று சொன்னபோது அந்த மாணவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மீதிக் கதைதான் முக்கியம். தலைவன் சாதுவனை ஏற்றுக்கொண்டான். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொன்னான். கள்ளையும் ஊனையும் விட்டால் என்னால் உயிர் வாழ முடியாது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல் என்றான். சாதுவன் கோபித்துக்கொள்ளவில்லை. கள்ளைப் பற்றி மேற்கொண்டு வற்புறுத்தவும் இல்லை. கப்பல் உடைந்து கரையொதுங்குகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், மூத்து இறக்கும் விலங்குகளைத் தவிர வேறு உயிர்களைக் கொல்லாதீர்கள் என்றான்.

குடியை விடு என்று தொடங்கிய பேச்சு, முதலில் உயிரைக் காப்பாற்று என்பதில் வந்து நிற்கிறது. அன்று வகுப்பில் கேட்டேன்: “சாதுவன் தோத்துட்டானா, ஜெயிச்சானா?” வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கள்ளை விடச் சொல்ல வந்தவன் பாதியில் விட்டுவிட்டான் என்றது ஒரு பக்கம். “செத்துப்போனவன் எப்படி டீச்சர் திருந்துவான்? உயிரோட இருந்தாத்தானே” என்றது இன்னொரு பக்கம். அதைச் சொன்னவன் மூன்றாவது வரிசை மாணவன்தான்.

அவன் சொன்னதற்குள் ஓர் அறிவியல் பாடமும் இருந்தது. மறுநாள் அறிவியல் ஆசிரியரை வகுப்புக்கு அழைத்தேன். எத்தனாலும் மெத்தனாலும் பார்வைக்கும் மணத்துக்கும் ஏறக்குறைய ஒன்று. உடலுக்குள் போன மெத்தனால் கல்லீரலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. மாற்றம் மெதுவாக நடப்பதால் குடித்துப் பல மணி நேரம் கழித்தே வயிற்று வலியும் வாந்தியும் கண் மங்கலும் வரும். அதற்குள் மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்க வாய்ப்பு உண்டு. ‘குடிச்சதை டாக்டர் கிட்ட எப்படிச் சொல்றது’ என்று வெட்கப்பட்டு வீட்டில் படுத்தால் வாய்ப்பு குறைகிறது. குடிப்பவர்களை வெட்கப்படுத்துவதையே அறமாகக் கற்பிக்கிறோமே, அந்த வெட்கம் எங்கே போய் முடிகிறது என்று ஆசிரியர் அறையில் அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கதையில் ஒரு முள்ளும் இருந்தது. நான் முன்கூட்டி யோசிக்காதது. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன், “மலைக்காரங்கன்னா எப்பவும் இப்படித்தான் எழுதுவாங்களா டீச்சர்?” என்று கேட்டான். ஜூன் மாதத்துக்குப் பிறகு ‘மலைச் சாராயம்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டிருந்தவன். அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். கருணாபுரத்தில் உயிர் பறித்த மெத்தனால் மலையில் காய்ச்சியது அல்ல, தொழிற்சாலைகளுக்காகத் தயாரிக்கப்படும் வேதிப்பொருள். அடுத்தது, காப்பியத்தை எழுதியவர் பட்டினத்தை அறிந்தவர், மலையை அவர் பட்டினத்துக் கண்ணால்தான் பார்த்திருப்பார். அதற்குள் வேறொரு பெண்பிள்ளை முந்திக்கொண்டாள்: “சூதாடிச் சொத்தை அழிச்சது டவுன்காரரு. நல்ல கேள்வி கேட்டது மலைக்காரரு.” அவன் சிரித்தான். அந்தக் கதையை மறுமுறை சொல்லும்போது அவளுடைய வாக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்படிப் பேச ஆரம்பித்ததும் கேள்விகள் வரிசைகட்டின. “எங்க ஊர்ல சாமிக்கே சாராயம் படைக்கிறாங்களே, சாமி குடிக்கலாமா?” என்பது ஒன்று. இங்கே சிரித்து மழுப்பினாலும் தவறு, ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்றாலும் தவறு. தாம் உண்பதைத் தெய்வத்துக்கும் வைப்பது பல மக்களின் வழிபாட்டு முறை என்று சொல்லி, எங்கள் மாவட்டத்துச் சான்று ஒன்றைக் காட்டினேன். திருக்கோவிலூருக்கு அருகில் உள்ள ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. துறவிகள் தங்குவதற்கு அவன் குகைத்தளம் கொடுத்ததைச் சொல்கிறது. அதே அதியமான் தன்னிடம் இருந்த கள்ளைப் பகிர்ந்துகொண்டதை, அவன் இறந்த பிறகு ஔவையார் புறநானூற்றில் நெகிழ்ந்து நினைவுகூர்கிறார். அங்கே கள் என்பது நட்பின் அடையாளம். வள்ளுவரிடம் அது அழிவின் வாசல். தமிழ் மரபே ஒரே குரலில் பேசவில்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிவதால் மரபுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நம் பாடநூல்களில் இதற்கான இடம் நிறையவே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ‘மாபெரும் சிந்தனையாளர்களும் புதிய நம்பிக்கைகளும்’, ஏழாம் வகுப்பில் சமணம், பௌத்தம், ஆசீவகம் பற்றிய பாடம், ஒன்பதில் ‘அறிவு மலர்ச்சியும் சமூக, அரசியல் மாற்றங்களும்’, பத்தில் சமய, சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் – அதில் வள்ளலார், வைகுண்ட சுவாமிகள், அயோத்திதாசர். மேல்நிலையில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ தனிப் பாடமாகவே உண்டு, எடுப்பவர்கள்தான் குறைவு. எடுத்துக்காட்டாக ஆசீவகத்தைப் பாருங்கள். எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் மாற்ற முடியாது என்பது மற்கலி கோசாலர் வழியினரின் கருத்து. தேர்வுக்கு இந்த ஒரு வரி போதும். அதே வரியைக் கரும்பலகையில் எழுதி, “இழவு வீட்டில் ‘விதி முடிஞ்சு போச்சு’ன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாணவி சொன்னாள்: “விதின்னு சொன்னா அம்மா கொஞ்சம் அழுகையை நிறுத்துவாங்க. ஆனா வித்தவனும் அதையேதான் சொல்லுவான்.” ஒரே கருத்து ஒருவருக்கு ஆறுதலாகவும் இன்னொருவருக்குத் தப்பிக்கும் வழியாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

‘யார் பொறுப்பு?’ என்ற உரையாடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது தானாகவே வரும். குடித்தவர், விற்றவர், மெத்தனாலை வாங்கி வந்தவர், தெரிந்தும் பேசாதிருந்தவர் என்று பிள்ளைகளே வட்டம் வட்டமாக வரைவார்கள். எங்கள் பகுதியில் விற்றவர்களும் அதே தெருக்களில் வாழ்ந்தவர்கள்தான். கைதானவர் வீட்டுப் பிள்ளையும் இறந்தவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். நான் முதல்முறை இதைத் திறந்த விவாதமாக நடத்தினேன். பாதியில் ஒரு பெண்பிள்ளை பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று மாலை அவள் வீடு வரை போய்ப் பேசிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை உண்மை நிகழ்வோடு நேரடியாகப் பொருத்துவதில்லை. கப்பல் உடைந்த கதைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்: சாதுவன் சூதாடியதற்கு யார் பொறுப்பு – அவனா, காய் உருட்டியவனா, பணம் தீரும் வரை கதவைத் திறந்து வைத்த வீடா, பார்த்துக்கொண்டிருந்த ஊரா? பிள்ளைகள் தாங்களாகவே தேவையான தூரம் வரை பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்த விரும்பாதவர்களுக்குக் கதை வெறும் கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுந்து கேட்கத் தயங்குகிறவர்களுக்காக ஒரு அட்டைப்பெட்டி வைத்தோம். பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். மாணவர் மனசுப் பெட்டியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது புகார்களுக்கானது, இது கேள்விகளுக்கானது. மதிப்பெண் கிடையாது. ஒரு பிள்ளை கடவுளை நம்புகிறதா, மறுபிறப்பை ஏற்கிறதா என்பதற்கு வளரறி மதிப்பீட்டில் இடமில்லை. வேண்டுமானால் ஒன்றை மதிப்பிடலாம்: தான் ஏற்காத ஒரு கருத்தை, அதை ஏற்பவர் ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி அவனால் எடுத்துச் சொல்ல முடிகிறதா? மணிமேகலை வஞ்சி நகரில் இதைத்தான் செய்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, பூதவாதி என்று பத்துச் சமயத்தார் தத்தம் கொள்கையைச் சொல்ல, ஒவ்வொன்றையும் நின்று கேட்கிறாள். காப்பியம் இறுதியில் பௌத்தத்தின் பக்கம் நிற்கிறது என்பதையும் மாணவர்களுக்கு மறைக்கக்கூடாது. எழுதியவருக்கும் ஒரு பக்கம் உண்டு.

“நீங்க சாமி கும்பிடுவீங்களா டீச்சர்?” என்று கேட்பார்கள். கேட்காமல் விடமாட்டார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உடனே “இது என் வீட்டுப் பழக்கம். பக்கத்து வகுப்பு சாரைக் கேட்டால் வேறு சொல்வார்” என்றும் சேர்க்கிறேன். அவரும் வந்து வேறுதான் சொன்னார், அவர் நாத்திகர். நாங்கள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம் என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

மற்ற நாடுகளில் வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். இலங்கையில் சாதாரண தரத் தேர்வு வரை சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளை சைவநெறியும், இஸ்லாமியப் பிள்ளை இஸ்லாமும், கிறித்தவப் பிள்ளை தன் சமயமும் படிக்கிறார்கள். தன் சமயத்தை ஆழமாக அறிகிறார்கள், ஆனால் அந்தப் பாடவேளையில் வகுப்பு பிரிந்து உட்காருகிறது. சிங்கப்பூர் 1984இல் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமய அறிவைக் கட்டாயமாக்கியது. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், கன்பூசிய அறநெறி என்று பல தெரிவுகள் இருந்தன. சமய வேகம் கூடிப் பிரிவினை வருமோ என்ற கவலையில் 1989இலேயே அதைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்துக் குடிமை, அறக் கல்விக்கு மாறியது. நம் நாட்டில் இந்த இரண்டும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து எல்லாச் சமயங்களையும் பற்றிக் கேட்கும் ஏற்பாடுதான் நம்முடையது. எனக்கு நம்முடையதே பிடித்திருக்கிறது. ஆனால் அதற்குத் தனிப் பயிற்சியோ கையேடோ நம்மில் பெரும்பாலோர் பெற்றதில்லை. பி.எட். படிப்பில் மெய்யியல் தாள் எழுதியிருக்கிறோம். ரூசோவையும் தாகூரையும் மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றோம். அவற்றை வைத்து ஒரு மாணவனின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த மாணவனுக்கு நான் இன்னும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபரில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்துப் பேசினேன். “அன்னிக்கு நீ கேட்டப்ப எனக்குப் பதில் தெரியலப்பா. அதனாலதான் உட்காரச் சொன்னேன். அது என் தப்பு” என்றேன். குடிப்பது கெடுதல் என்று வள்ளுவர் சொன்னது, ஒரு மனிதர் கெட்டவர் என்று சொன்னதாகாது என்றேன். அப்பாவைப் பற்றி வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். மூட்டை தூக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போனது, இவன் பெயரைக் கையில் பச்சை குத்தியிருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், “குடிச்சா அம்மாவை அடிப்பாரு” என்றும் சொன்னான். எதையும் விட்டுவிடவில்லை. நான் எதையும் திருத்தவில்லை.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகவும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருவதாகவும் அரசு அப்போதே அறிவித்தது. அவனுடைய பள்ளிச் சான்றுகளைத் தலைமை ஆசிரியர் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்த வேலையும் நீதிபோதனைப் பாடவேளையில்தான் நடந்தது.

சென்ற வாரம் கேள்விப் பெட்டியைத் திறந்தேன். பதினோரு சீட்டுகள். ‘பேய் உண்டா?’ வழக்கம்போல மூன்று. ‘அல்லாவும் சிவனும் பேசிப்பாங்களா?’ ஒன்று. இன்னொன்றில் பெயர் இல்லை, ஆனால் அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்: ‘சாதுவன் திரும்பி வந்தப்ப ஆதிரை ஏன் திட்டல?’

கணவன் கடலில் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு ஆதிரை தீயில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை, அவன் உயிரோடு திரும்பி வருகிறான். அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்று காப்பியம் விரித்துச் சொல்லவில்லை. கணித ஆசிரியர் இந்த வெள்ளிக்கிழமைப் பாடவேளையைக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டேன்.